ஒரு குப்பி நோய்

நீலசந்திரா, பெங்களூரு
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி சித்தார்த்தனுக்கு,

அக்கா சங்கமித்ரா எழுதுவது. உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. ஒன்பது மாதமாக என் போனை நீ எடுக்கவில்லை, சரி, இருக்கட்டும். காகிதம் உன் எதிரே நின்று கத்தாது. படித்து முடித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

நான் நன்றாக இருக்கிறேன். காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறி, சிவாஜிநகரில் மாறி, எலஹங்கா பக்கம் யூனிட்டுக்குப் போய்ச் சேர எட்டாகிறது. திரும்பி வரும்போது உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்குப் பண்டிகை.

ஷோபா நேற்று பேசினாள். உன் பெண்டாட்டி என்னிடம் பேசினாள் என்று அவளிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். மறுபடியும் ஒரு ஏக்கர் தக்காளி நட்டிருக்கிறாயாம். இதையும் புழு தின்றால் குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எலக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ அபார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறேன் என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோலாரில் சுரங்கத்தை மூடிய பிறகு நம் வீட்டில் எல்லோரும் ரயிலேறி வந்து அடுத்தவர் கேட்டைத்தான் திறந்து மூடினோம். நீ ஒருத்தன்தான் சொந்த யோசனையில் ஒரு தொழிலைத் தொட்டாய். சந்தாபுராவுக்கு உள்ளே அந்தக் கல்லு பூமியைக் குத்தகைக்கு எடுத்து, இரண்டு வருஷம் கல் பொறுக்கினாய். அதை நீ விடக்கூடாது.

நீ சிரித்தாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். எங்கள் யூனிட்டில் தயாரிக்கும் குப்பி மருந்தை இன்னொரு தரம் பயிருக்கு அடித்துப் பார். போன நவம்பரில் நான் கொடுத்த குப்பி பலிக்கவில்லை, உன் பயிர் முழுக்கக் காய்ப்புழுவுக்குப் போயிற்று, மறக்கவில்லை. "நீதான்டா ஏதோ தப்பா பண்ணிட்டே" என்று அன்றைக்குப் போனில் சொன்னேன். நீ பதிலுக்குச் சொன்னதை நான் எழுத மாட்டேன், தபால்காரர் படித்தால் மயக்கம் போடுவார். ஆனால் இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். குப்பியில் குறை இல்லை.

ஷோபாவுக்கு என் அன்பு. உனக்கும்தான், வேண்டுமானால் எடுத்துக்கொள்.

உன் அக்கா,
சங்கமித்ரா


சந்தாபுரா
10 ஆகஸ்ட் 2025

சங்கமித்ரா அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தரம் படித்தேன். இரண்டாவது தரம் கோபம் அதிகமாயிற்று.

நீ சுலபமாக எழுதிவிட்டாய், குப்பியில் குறை இல்லை என்று. குறை யாரிடம், என்னிடமா? டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு குப்பி கொடுத்தாய். திறந்தால் செத்த எலி நாற்றம். "இது விஷம் இல்லைடா, நோய். புழுவுக்கு நோய் வந்து அதுவா சாவும்" என்றாய். நானும் மடையன் மாதிரி ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து நிலத்து ரங்கா தினம் காலையில் வரப்பில் நின்று, "ஹுளக்கே ஜ்வர பந்தா?" என்று கேட்பான், புழுவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதா என்று. புழுவுக்குத் தும்மல் கூட வரவில்லை. கொழுத்தது. பாதி உடம்பு காய்க்குள்ளே, பாதி வெளியே, என்னைப் பார்த்து வாலாட்டியது. ஷோபா பறித்த ஒவ்வொரு கூடையிலும் முக்கால் கூடையை மாட்டுக்குக் கொட்டினோம். ரங்கா இன்றைக்கும் கேட்கிறான், காய்ச்சல் வந்ததா என்று.

இந்தப் பயிர்தான் கடைசி. இதில் உன் குப்பிக்கு இடமில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. அதற்குள்ளே உண்மையில் என்னதான் இருக்கிறது? படித்தவர்கள் மாதிரி எழுதாதே, எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் ஏமாந்தேனா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சித்தார்த்தன்


நீலசந்திரா
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேள்வி கேட்டதே எனக்குச் சந்தோஷம். ஏமாந்தேனா என்று எழுதினாயே, அதற்கு மட்டும் நேரில் இருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

கேள். எங்கள் யூனிட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் நல்ல புழுக்கள் வளர்கின்றன. கடலை மாவில் களி கிண்டி, சின்னச் சின்னக் குழியில் ஊற்றி, குழிக்கு ஒரு புழு. இரண்டைச் சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கடித்துத் தின்றுவிடும், அவ்வளவு நல்ல குணம். இன்னொன்று நோய் அறை. நான் அங்கே. வளர்ந்த புழுவின் களிமேல் நோயைத் தடவி வைப்போம். ஆறு நாளில் புழு வெளுத்து, ஊதி, தொட்டால் கிழிந்து ஒழுகும். அதை அரைத்து, துணியில் வடிகட்டி, சுத்தம் செய்தால் உன் குப்பி. நாற்றத்துக்குக் காரணம் அதுதான், எலி இல்லை. நோய் அறைக்காரி நல்ல அறைக்குள் கால் வைக்கக்கூடாது. எட்டு வருஷமாக அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று நான் பார்த்ததில்லை. நான் தொட்ட வாளி, கூடை எல்லாம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறிக் காயும். நோய் அந்த அறையைத் தாண்டி வெளியே போனால் அத்தனை நல்ல புழுவும் காலி.

அந்த நோய் ஒரு வைரஸ். குப்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மணி மணியாக மின்னும். ஒவ்வொன்றும் பல முகமாக வெட்டின படிகம். ஆயிரம் படிகத்தை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். ஆனால் படிகமே வைரஸ் இல்லை, அது வைரஸ் இருக்கும் பெட்டி. வைரஸ் உள்ளே குச்சி குச்சியாக, கட்டுக் கட்டாக, மெல்லிய உறைக்குள் கிடக்கிறது. அந்தக் குச்சிகள் எங்கள் மைக்ராஸ்கோப்புக்கு எட்டாது. எங்கள் விஞ்ஞானி சிந்து, இருபத்தொன்பது வயசுப் பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடும், பெரிய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைக் காட்டியது. கல்கண்டுக்குள் தீக்குச்சிகள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கல்கண்டு தண்ணீரில் கரையும், இது கரையாது. மழைக்குப் பயமில்லை, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். வெயில் மட்டும் ஆகாது.

புழு இதை இலையோடு சேர்த்துத் தின்ன வேண்டும். நம் வயிற்றில் இருப்பது புளிப்பு. புழுவின் வயிற்றில் அதற்கு நேர் எதிர், சலவைச் சோடா கரைத்த தண்ணீர் மாதிரி. அங்கே போனதும் பெட்டி கரையும், குச்சிகள் வெளியே வந்து குடலுக்குள் நுழையும், பெருகும். ஒரே புழுவுக்குள் கோடிக்கணக்கில் புதுப் படிகம். நாம் தின்றால் ஒன்றும் ஆகாது, தேனீக்கும் ஆகாது. அந்த ஒரு வகைப் புழுவுக்கு மட்டும்தான் எமன்.

இப்போது நீ கோபப்படும் விஷயம். ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரு குப்பியை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருப்போம். உன் குப்பியோடு பிறந்த குப்பியைத் தேடி எடுத்து ஐம்பது புழுக்களுக்குக் கொடுத்தேன். நாற்பத்தேழு செத்தன. ஆக, தப்பு உன் கையில்தான். வெயிலில் அடித்தாயா? தகரக் கூரைக்கு அடியில் வைத்திருந்தாயா? அன்றைக்கு என்னென்ன செய்தாய் என்று மணி வாரியாக எழுது, நான் கண்டுபிடித்துச் சொல்கிறேன்.

உன் அக்கா,
சங்கமித்ரா


சந்தாபுரா
24 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. குப்பி அதுவரை வீட்டில் பானைக்குப் பக்கத்தில் துணி சுற்றிக் கிடந்தது, வெயில் பட்டதே இல்லை. காலையில் டிரம்மையும் பக்கெட்டையும் எடுத்தேன். முன்பு அதில் களைக்கொல்லி கலந்திருந்தேன், அதையும் உன்னிடம் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "ஐயோ, பயிர் கருகிடும்டா. சோடா போட்டு ஊற வை. கெட்டியா போடு. அலசாதே, அப்படியே கவுத்து வை, காயட்டும்." உன் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு கிலோ பாக்கெட்டையும் கொட்டினேன். காய்ந்ததும் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. அவ்வளவு சுத்தம். ஷோபா கூடச் சொன்னாள், வீட்டுப் பாத்திரத்தை ஒருநாள் இப்படித் தேய்த்தாயா என்று.

மத்தியானம் இரண்டு மணிக்குக் குப்பியைப் பக்கெட்டில் ஊற்றி, வெல்லம் கரைத்து, மூடி, மாமர நிழலில் வைத்தேன். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும் என்று நீ பத்துத் தரம் சொல்லியிருந்தாய். ஐந்தரைக்கு டிரம்மில் கலக்கி அடிக்க ஆரம்பித்தேன். இலையின் அடிப்பக்கமும் விடவில்லை. கடைசி வரிசை முடியும்போது இருட்டிவிட்டது.

இதில் என் தப்பு எங்கே? விரல் வைத்துக் காட்டு பார்ப்போம்.

சித்தார்த்தன்


நீலசந்திரா
7 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

தப்பு என்னுடையது. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்துக் கடைசிவரை எழுதாமலே விட்டுவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். "அலசாதே" என்ற இடத்துக்கு வந்ததும் அந்த ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன். "யம்மா, சிவாஜிநகர் வந்து எவ்ளோ நேரம் ஆச்சு, எறங்கு, வண்டி டிப்போ போவுது" என்று கண்டக்டர் கத்தின பிறகுதான் எழுந்தேன்.

மறுநாளே சிந்துவிடம் சொன்னேன். ஒரு பக்கெட்டில் உன்னைப் போலவே ஒரு கிலோ சோடாவைக் கரைத்து, அலசாமல் காயவைத்தோம். நல்ல குப்பி ஒன்றை அதில் ஊற்றி வெல்லம் கரைத்து மூடினோம். ஊற்றும்போது ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், மணி மணியாக மின்னிற்று. ஒரு மணி நேரம் கழித்து மறு சொட்டு. ஒன்றுமில்லை தம்பி. வெறும் தண்ணீர். அத்தனை படிகமும் கரைந்துவிட்டது. சிந்து என் முகத்தைப் பார்த்து, "அக்கா, புழு வயித்துல நடக்க வேண்டியது பக்கெட்டுலயே நடந்துடுச்சு" என்றது. பெட்டி போன பிறகு அந்தக் குச்சிகளுக்கு ஆயுசு இல்லை, புழுவைத் தொடும் முன்னாலேயே வீணாகிவிடும். அந்தத் தண்ணீரை ஐம்பது புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். மூன்றுதான் செத்தன. மிச்சம் எல்லாம் தின்று கொழுத்துக் கூட்டுப்புழுவாகப் போயின, உன் தோட்டத்தில் போன மாதிரியே.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கலாம். நோய் அறையில் சோடா எதற்கு இருக்கிறது? வைரஸ் ஒன்றுகூடத் தப்பக்கூடாது என்பதற்கு. அலசினால் சோடா போய்விடும் என்று அலசாமல் கவிழ்ப்போம். எட்டு வருஷமாகக் கை தானாகச் செய்கிற வேலை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன் பக்கெட்டில் அது பிழைக்க வேண்டும். நான் சாகடிக்கிற வழியைச் சொல்லிக் கொடுத்தேன். "சலவைச் சோடாத் தண்ணீரில் கரையும்" என்று போன கடிதத்தில் நானே உனக்கு எழுதியிருக்கிறேன், அப்போதும் உறைக்கவில்லை. என் தலையை நானே அடித்துக்கொண்டேன்.

மேனேஜர் கணேசமூர்த்தி சாரிடம் போனேன். "விவசாயி தப்புன்னு ரிப்போர்ட் போட்டு முடிச்சாச்சும்மா, இப்ப எதுக்குக் கெளப்புறீங்க?" என்றார். "அந்த விவசாயி என் தம்பி சார். தம்பியா இல்லாம போனாலும் தப்பு என்னுதுதான்" என்று சொல்லி, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வேலை இருக்குமா போகுமா தெரியவில்லை.

ஒன்பது மாதம் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். உன் பயிரும் போயிற்று, பேரும் போயிற்று, அதன் மேலே என் ஏச்சு வேறு. மன்னிச்சிடுடா. குப்பியைப் பற்றி இனி நான் வாயைத் திறக்க மாட்டேன். உன் பயிர், உன் இஷ்டம்.

அக்கா


சந்தாபுரா
21 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய்த் தோட்டத்தை நாலு சுற்று சுற்றினேன். ஒரு வருஷமாக நான் பக்கெட்டைச் சரியாகக் கழுவவில்லையோ, வெல்லம் அதிகமோ, கை நடுங்கிற்றோ என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டிருக்கிறேன். உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, உள்ளுக்குள் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். அதற்கு உன்னை இரண்டு நாள் நன்றாகத் திட்டினேன். ஷோபா சாட்சி. மூன்றாம் நாள் தீர்ந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காய்கள் கோலிக்குண்டு அளவு ஆகிவிட்டன. நேற்று இலை மேல் முட்டை பார்த்தேன், இன்றைக்கு நூல் மாதிரிக் குட்டிப் புழுக்கள். ரங்கா கடை மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறான். போன தடவை கடைசியில் அதையும்தான் அடித்தேன், புழு அதற்குப் பழகிப் போயிருக்கிறது, சாகவில்லை.

குப்பி அனுப்பு.

ஏன் நம்புகிறாய் என்று ஷோபா கேட்டாள். நம் வீட்டில் யாராவது, எப்போதாவது, "தப்பு என்னுடையது" என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று எழுதினவள் இந்தத் தடவை ஏமாற்ற மாட்டாள் என்று சொன்னேன். பாதித் தோட்டத்துக்கு அடித்துப் பார்க்கலாம் என்றாள் அவள். பாதி பிழைத்தால் நிலம் பிழைக்காது. முழு ஏக்கருக்கும் உன் நோய்தான்.

ஆனால் நீ வராதே. எதிரே பார்த்தால் எனக்கு மறுபடியும் ஏதாவது வாயில் வந்துவிடும். எல்லாவற்றையும் விவரமாக எழுது. ஷோபா சத்தமாகப் படிக்கட்டும், நான் செய்கிறேன்.

தம்பி,
சித்தார்த்தன்


நீலசந்திரா
25 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

கூரியரில் போட்டால் குப்பி எந்த வண்டியில் வெந்துகொண்டு கிடக்குமோ என்று பயம். ஈரத்துணி சுற்றி நானே கொண்டுவந்து சந்தாபுரா பஸ் ஸ்டாண்டில் ஷோபா கையில் கொடுத்தேன். நீ வரவில்லை, வராதே என்று சொன்னவன் எப்படி வருவாய்? டீக்கடைப் பக்கம் ஒரு கட்டம் போட்ட சட்டை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் கண்டுகொள்ளாத மாதிரி பஸ் ஏறிவிட்டேன்.

ஷோபா, சத்தமாகப் படி. புதுப் பக்கெட் வாங்குங்கள். பழையதைக் கண்ணிலேயே காட்டாதே. டிரம்மை வெறும் தண்ணீரால் ஐந்து தரம் அலசு. சோடா வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், பிளீச்சிங் வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நீ பாட்டிலில் கொடுத்த உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சிந்து சோதித்துப் பார்த்தது, நல்ல தண்ணீர். வெல்லம் மட்டும் கரைக்க வேண்டும், புழு ஆசையாகத் தின்னட்டும். கலந்த உடனே அடிக்க வேண்டும், ஊற வைக்க வேண்டாம். வெயில் இறங்கின பிறகு அடி. பத்து நாள் கழித்து இரண்டாவது குப்பி.

இனி வருவது முக்கியம், சித்து, நீயே கேள். கடை மருந்து மாதிரி மறுநாள் காலையில் புழு செத்து விழாது. நோய் பெருக நாள் எடுக்கும். முதல் நாலு நாளும் புழு பாட்டுக்குத் தின்னும். நாலாம் நாள் உனக்குப் பயம் வரும். ரங்கா சிரிப்பான். அப்போது மட்டும் விஷத்தைத் தொட்டுவிடாதே. ஐந்தாம் நாளுக்கு மேல் கீழே தேடாதே, செடியின் உச்சியைப் பார். நோய் கண்ட புழு மேலே ஏறும். அங்கே பின்கால்களால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். உடம்பு கிழிந்து ஒழுகி, கீழ் இலையெல்லாம் படிகம் சொட்டும். அதைத் தின்ற அடுத்த புழுவும் ஏறும்.

வேலை இதுவரை போகவில்லை. சார் என்னோடு பேசுவதைத்தான் நிறுத்தியிருக்கிறார். நிம்மதியாக இருக்கிறது.

உன் அக்கா,
சங்கமித்ரா


சந்தாபுரா
28 செப்டம்பர் தொடங்கி

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டம் போட்ட சட்டை ஊரில் நூறு பேரிடம் இருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் அடித்தாயிற்று. ஷோபா வரப்பில் நின்று உன் கடிதத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கத்திப் படித்தாள். நடந்ததை அன்றன்றைக்கே எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோனேன் என்று சொல்லக்கூடாது.

செவ்வாய். இரவெல்லாம் மழை. எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். "மழைக்குப் பயமில்லன்னு அண்ணி எழுதியிருக்காங்க, சும்மா இரு" என்றாள் ஷோபா. புழு ஜம்மென்று தின்கிறது.

வியாழன். நாலாம் நாள். புதுசாக ஓட்டை போட்ட காய் ஒரு செடிக்கு இரண்டு. ரங்கா வந்தான். சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயம். "சித்து, போதும் விடு. இன்னும் ரெண்டு நாள் போனா காயே மிஞ்சாது. எங்கிட்ட கொஞ்சம் மருந்து மிச்சம் இருக்கு, ஃப்ரீயா எடுத்துக்க" என்று டப்பாவை வரப்பில் வைத்துவிட்டுப் போனான். நான் மூடியைத் திறந்துவிட்டேன் அக்கா. பொய் சொல்ல மாட்டேன், டிரம்மையும் இழுத்துவிட்டேன். ஷோபா உள்ளேயிருந்து கடிதத்தை எடுத்து வந்து, "நாலாம் நாள் உனக்குப் பயம் வரும்" என்ற வரியை மூன்று தரம் படித்தாள். மூடியைத் திருகி வைத்தேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெள்ளி. சில புழுக்கள் மந்தமாக இருக்கின்றன. குச்சியால் தொட்டால் முன்பு சுருளும், இப்போது சும்மா கிடக்கிறது. நிறமும் வெளுத்திருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

சனி. விடியும்போது போனேன். அக்கா, எப்படி எழுதுவேன்! செடிக்குச் செடி உச்சியில் தொங்குகின்றன. தலைகீழாக, வதங்கிப் போய், கறுத்து, சில கிழிந்து ஒழுகிக்கொண்டு. ஒரு வரிசையில் அறுபத்தெட்டு எண்ணினேன், அப்புறம் எண்ண முடியவில்லை, கண் மறைத்துவிட்டது. நாற்றம் குடலைப் பிடுங்கிற்று. அதைப் போல நல்ல வாசனையை நான் முகர்ந்ததே இல்லை. ஷோபாவைக் கூப்பிட ஓடினேன். அதற்குள் ரங்கா பார்த்துவிட்டான். வரப்பைத் தாண்டி ஓடிவந்து, ஒரு செடியை, இன்னொரு செடியைப் பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டு, "ஜ்வர பந்திதே! ஜ்வர பந்திதே!" என்று ஊரைக் கூட்டினான். காய்ச்சல் வந்துவிட்டதாம். அவனுக்கும் ஒரு குப்பி வேண்டுமாம். நான் உடனே சரி என்று சொல்லவில்லை, கொஞ்சம் கெஞ்ச விட்டேன்.

நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. வாட்ச்மேன் வேலைக்கு வாங்கின சீருடைத் துணியை ஷோபா தலையணை உறைக்கு வெட்டிவிட்டாள். நாம் ஜெயித்துவிட்டோம் அக்கா!

உன் தம்பி,
சித்து


நீலசந்திரா
14 அக்டோபர் 2025

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சிந்துவுக்குப் படித்துக் காட்டினேன், அப்புறம் யூனிட்டில் எல்லோருக்கும், அப்புறம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவுக்கு. அந்த அம்மா "யாருக்குமா காய்ச்சல்?" என்று பதறிப் போனாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன், அவள் என்னைப் பைத்தியம் என்றே முடிவு செய்திருப்பாள்.

சேதி இரண்டு. ஒன்று, நான் கையெழுத்துப் போட்டுச் சாரிடம் கொடுத்த கடிதத்தை மேலே பெரியவர்கள் படித்தார்களாம். இனி அச்சடிக்கும் ஒவ்வொரு குப்பியிலும் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு வரி வரும்: "சோடா, சுண்ணாம்பு, பிளீச்சிங் பட்ட பாத்திரத்தில் கலக்காதீர்கள்." என் வேலையும் இருக்கிறது. விவசாயிகளுக்குக் கலக்கச் சொல்லிக் கொடுக்கும் வேலையையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, 26ஆம் தேதி ஞாயிறு அன்று உன் தோட்டத்தைக் காட்ட நாற்பது விவசாயிகளை அழைத்து வருகிறார்கள். கணேசமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டு, "போன வருஷக் கதை அங்க வேணாம், உங்க தம்பிகிட்ட சொல்லி வைங்க. ஜனங்க பயந்துடுவாங்க" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உன் வாய், உன் தோட்டம். நீ என்ன பேச வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தரம் சொல்லிக் கொடுத்ததே போதும்.

என்னால் அன்றைக்கு வர முடியாது. அன்றைக்குத்தான் ஆறாம் நாள் புழுக்களை எடுக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் எல்லாம் உருகிப் போகும், புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த முறையை வேறொருத்தியிடம் மாற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவே நீ என்ன சொல்வாயோ என்று நின்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் அக்கா,
சங்கமித்ரா


சந்தாபுரா
27 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வந்தார்கள். நாற்பது இல்லை, எழுபதுக்கு மேல். ஷோபா டீ போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டாள். காய் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார்கள், ஓட்டை தேடினார்கள். ஒருத்தர் காயைக் கடித்தே பார்த்தார், நோய் ஏதும் வருமா என்று. இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

உங்கள் சார் நன்றாகப் பேசினார். படிகம், குச்சி, குடல் என்று போனது. பாதிப் பேர் தலையாட்டினார்கள், பாதிப் பேர் டீயைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பேசச் சொன்னார். கண்ணாலேயே எதையோ சொன்னார், எனக்குப் புரிந்தது.

தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிப் பேசினேன். நான் சொன்னது இதுதான். "போன வருஷம் இதே தோட்டத்துல இதே குப்பி அடிச்சேன், எல்லாம் புழு தின்னுடுச்சு. தப்பு எங்க அக்காது. சோடா போட்ட பக்கெட்ல கலக்க வெச்சுட்டா. இந்த வருஷம் ஜெயிச்சிருக்கு பாருங்க, அதுவும் எங்க அக்காதான். அந்த நோயை வளர்க்குறது அவ, புழுவைச் சாகடிக்கிறது அவ, எதனால போச்சுன்னு கண்டுபுடிச்சதும் அவ." உங்கள் சார் வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டே தரையைப் பார்த்தார்.

அத்திப்பள்ளிப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் எழுந்து, "ஒரு தடவ கவுத்தவ கொடுத்தத எந்த தைரியத்துல முழு தோட்டத்துக்கும் அடிச்ச?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தான் தப்பு பண்ணேன்னு எழுதி அனுப்பிச்சாங்க சார். அப்படி எழுதுற ஆளு கொடுத்தா நான் விஷத்தையே குடிப்பேன், இது புழுவுக்குத்தானே" என்றேன். முதலில் ரங்கா கைதட்டினான், அப்புறம் எல்லோரும். யாரும் பயப்படவில்லை. அங்கேயே நின்று அறுபத்திரண்டு பேர் குப்பிக்குப் பெயர் கொடுத்தார்கள். சிந்து எழுதி எழுதிப் பேனா தீர்ந்து, ரங்காவிடம் கடன் வாங்கியது.

போகும்போது அந்தப் பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மாவைப் பார்க்கணுமேப்பா" என்றார். கிளம்பினவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், உன்னைப் பார்க்க வேண்டும் என்று.

எனக்கும் பார்க்க வேண்டும் அக்கா. வா.

உன் தம்பி,
சித்து